செவ்வரத்தை நின்ற இடம்

ஒழுங்கைச் சங்கத்துக்குக் காரியதரிசியாக இருப்பதும் கலியாண வீட்டில் கை துடைக்கத் தொங்கவிட்ட துவாயாக இருப்பதும் ஒன்றுதான். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை என்கிற குறுகிய தெருவின் பதினொரு வீட்டுக்கும் நான் ஒரு வருடம் அப்படித் தொங்கினேன். கோயில் சபை, வாசிகசாலை, மாதர் சங்கம் என்று எதிலாவது கொப்பியும் பேனையுமாக மாட்டுப்பட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

பதவி வந்த விதம்

எங்கள் பக்கத்து வேலிகளுக்குக் கால் உண்டு. ஓலை மாற்றி அடைக்கிற ஒவ்வொரு முறையும் பழைய கிளுவை வேர்பிடித்து நிற்கும். பச்சை மரத்தைப் பிடுங்க மனம் வராது. புதுக் கதியால் தடியை அதற்கு வெளியே நட்டுவிடுவோம். ஒழுங்கையில் நாலு விரல் அகலம் வளவுக்குள் வந்துவிடும். இப்படி எல்லா வீட்டு வேலியும் நடந்துவந்ததில், எனக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்ட அன்று வாடகைக் கார் ஒழுங்கைக்குள் நுழைய முடியாமல் றோட்டிலேயே நின்றுவிட்டது. எதிர்வீட்டு அன்னம்மாக்காதான் என்னைத் தோளில் தாங்கிக் கார் வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்கையை அகலமாக்கச் சங்கம் தொடங்கினார்கள். இளைப்பாறிய மாஸ்டர் தலைவர், றோட்டு வேலைகளை மேற்பார்த்து இளைப்பாறிய ஓவசியர் உபதலைவர். காரியதரிசிக்கு ஆளில்லை. கூட்டம் எங்கள் வீட்டில் நடந்ததால், தேத்தண்ணி கொண்டுவந்த என்னைப் பிடித்தார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரைதான் படித்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். மாஸ்டர் விடவில்லை. "படிப்பு என்னத்துக்குப் பிள்ளை? உன்ரை எழுத்து குண்டு குண்டாயிருக்கு, கோட்டிலை நீதவானும் கண்ணாடி போடாமல் வாசிப்பார்."

குஞ்சு வழியாகப் பேச்சு

மாஸ்டரும் ஓவசியரும் வேலி தாண்டிய ஒரு மாங்கொப்பு விஷயத்தில் நாலு வருடமாகக் கதைப்பதில்லை. இது பதவி ஏற்ற பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. கூட்டத்தில் இருவரும் என் மடியில் இருந்த ஆறு மாதக் குழந்தையோடுதான் பேசுவார்கள். "குஞ்சு, உபதலைவருக்குச் சொல்லு, வேலியிலை கை வைக்க முன்னம் எழுத்திலை இரண்டு கிழமைத் தவணை குடுக்கவேணும்." "குஞ்சு, தலைவருக்குச் சொல்லு, அது எனக்கும் தெரியும்." ஊரடங்குப் பயத்தில் ஆறு மணிக்குப் பிறகு ஒழுங்கையில் ஒருவரும் நிற்காத காலம் அது. எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம்.

முதலில் யாருடைய வேலி? அன்னம்மாக்காவின் வேலி ஒரு முழம் வெளியே நிற்கிறது என்று ஓவசியர் கயிறு பிடித்துப் பார்த்துச் சொன்னார். எதிரே இருந்த எங்கள் வேலிக்குக் கயிறு வரவில்லை. தேத்தண்ணி தருகிற வீடு அல்லவா. அன்னம்மாக்காவின் புருஷன் சவூதியில். வீட்டில் அவரும் குமர்ப்பெண்ணும் மட்டும்தான். சண்டைக்கு வர ஆம்பிளை இல்லை என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாரும் நினைத்தோம், நானும்தான். ஆதரவா எதிரா என்று கொப்பியில் என்ன எழுதுவதென்று கேட்டேன். அந்த நேரம் பார்த்துக் குழந்தை கொட்டாவி விட்டது. ஓவசியர் எழும்பிச் சால்வையை உதறினார். "குஞ்சு வாய் திறந்தவள்தானே, ஏகமனதாய் ஓமெண்டு எழுது பிள்ளை."

பால்மா ரின்னுக்கு அடியில்

தவணைக் கடிதத்தை எழுதியவள் நான். கொடுக்க வேண்டியவளும் நான்தான். கொண்டுபோனேன். அன்னம்மாக்கா படலையைத் திறந்த கையோடு குழந்தையை வாங்கிக்கொண்டார். "நல்லாய் மெலிஞ்சு போனாய்" என்று பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியற் பிட்டு எனக்கு வைத்துத் தந்தார். பிட்டையும் தின்று, கடிதத்தையும் திருப்பிக்கொண்டு வந்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று குழந்தையின் தகரப் பால்மா ரின்னுக்கு அடியில் வைத்தேன். நாளைக்கும் அதே கதை.

அடுத்த கூட்டத்தில் மாஸ்டர், "குஞ்சு, அம்மா கடிதம் குடுத்தவவோ?" என்று கேட்டார். குழந்தை விரலைச் சூப்பிக்கொண்டிருந்தது. நான் ஓம் என்றேன். கொப்பியில் "கையளிக்கப்பட்டது" என்று குண்டு குண்டாக எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அடுத்த நாள் ரின்னைத் தூக்கிய என் வீட்டுக்காரர் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடிதத்துக்கும் பால் பருக்கி வளர்க்கிறீரோ?"

கீரிமலையில் இருந்து வந்தவர்கள்

ஆடி அமாவாசை அன்று அன்னம்மாக்காவின் காலஞ்சென்ற தகப்பனாருக்காக அவரும் மகளும் கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போனார்கள். கொப்பிக் கணக்கில் தவணை முடிந்திருந்தது. ஓவசியர் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். மத்தியானத்துக்குள் வேலி இல்லை. நான் எங்கள் படலைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "நிப்பாட்டுங்கோ, கடிதம் குடுக்கேல்லை" என்று ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் என் பொய் வெளிப்படும். அதனால் குழந்தைக்குக் காகம் காட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த வேலிக்குப் பின்னால்தான் அவர்கள் குளிக்கிற கிணறு. தலைமயிர் காயாமல் திரும்பி வந்தவர்கள் ஒழுங்கையில் நின்றபடியே பார்த்தார்கள்: கிணற்றடி, கப்பி, கொடியில் காய்ந்த மகளின் பாவாடை, எல்லாம் தெருவுக்குத் தெரிந்தது. மகள் ஓடிப்போய்ப் பாவாடையை இழுத்து எடுத்தாள். அன்னம்மாக்கா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "நாளைக்கு நாங்கள் எங்கை நிண்டு குளிக்கிறது, பிள்ளை?"

பிறக்கிராசியாரின் கடிதம்

ஒரு கிழமையாக அவர்கள் கயிற்றில் சேலை கட்டி மறைத்துக் குளித்தார்கள். காற்றுக்குச் சேலை பறக்கும்போது மகள் கிணற்றுக் கட்டோடு குந்திக்கொள்வாள். பிறகு அன்னம்மாக்காவுக்காக வழக்குப் பேசுகிற பிறக்கிராசியாரிடமிருந்து கடிதம் வந்தது. தவணைக் கடிதம் எந்தத் தேதியில், யார் கையில் கொடுக்கப்பட்டது? பதில் இல்லையென்றால் வழக்கு. மேலே பெயர் என்னுடையது மட்டும்தான். கொப்பியில் வேறு யாருடைய கையெழுத்தும் இல்லையே.

குழந்தையையும் தூக்கிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். ஓவசியரையும் கூப்பிட்டேன். கடிதத்தை வாசித்த மாஸ்டர் குழந்தையைத் தேடவில்லை. நாலு வருடத்துக்குப் பிறகு நேரே முகம் பார்த்து, "ஓவசியர், நாங்கள் கடிதம் குடுக்கச் சொன்னனாங்கள்தானே?" என்றார். ஓவசியரும் நேரே முகம் பார்த்துச் சொன்னார்: "ஓம் மாஸ்டர், குடுத்ததெண்டுதான் பிள்ளையின்ரை எழுத்திலை கிடக்கு."

கயிற்றின் மற்றத் தலைப்பு

அடுத்த நாள் காலை, ரின்னின் வட்டம் பதிந்த அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் அன்னம்மாக்காவின் கையில் கொடுத்தேன். பால்மாவில் தொடங்கிக் காகம் வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். உள்ளே போய் ஒழுங்கையின் பழைய அகலத்துக்கு வெட்டிய ஒரு கயிற்றை எடுத்துவந்து, ஒரு தலைப்பைத் தன் எல்லையில் வைத்து, "மற்றத் தலைப்பைப் பிடி" என்றார். கயிறு ஒழுங்கையைக் கடந்து, எங்கள் படலைக்குள் வந்து, செவ்வரத்தைப் பூமரத்தின் அடியில் இருந்த ஒரு கல்லில் நின்றது. எல்லைக்கல். எங்கள் வேலிக்கு ஒன்றரை முழம் உள்ளே.

அந்தக் கல்லில் ஏறி நின்றுதான் நான் தினமும் சாமிக்குப் பூப்பிடுங்குவேன். என்ன கல் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம் எனக்குள் இருந்திருக்க வேண்டும். அன்னம்மாக்கா கயிற்றைச் சுருட்டினார். "உந்தச் செவ்வரத்தை ஒழுங்கையிலை நிண்டது, பிள்ளை. நீ கலியாணம் முடிச்சு வந்த அண்டைக்கு அதிலை பூப்பிடுங்கி உன்ரை தலையிலை வைச்சது நான்."

அன்றைக்கே நானும் வீட்டுக்காரரும் எங்கள் வேலியைப் பிரித்தோம். எங்களுக்கென்று வாங்கி வைத்திருந்த ஓலையால் முதலில் அவர்களுடைய கிணற்றடியைச் சரியான எல்லையில் அடைத்தோம். மிஞ்சியதால் எங்கள் வேலியைக் கல்லுக்குப் பின்னால் கட்டினோம். மகள் வாளியோடு உள்ளே போய் மறைந்த பிறகுதான் அன்னம்மாக்கா பிறக்கிராசியாருக்கு ஆள் அனுப்பி வழக்கு வேண்டாம் என்றார். கொப்பியில் "கையளிக்கப்படவில்லை" என்று திருத்தி எழுதி, கூட்டத்தில் உரத்து வாசித்து, கொப்பியையும் பதவியையும் மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒடியற் பிட்டுக்கு அன்னம்மாக்கா என்னை இன்னும் கூப்பிடவில்லை.

இப்போது காலையில் படலையைத் திறந்து ஒழுங்கைக்கு இறங்கி, எதிர்வீட்டார் பார்க்கப் பூப்பிடுங்குகிறேன். எங்கள் சங்கம் அகலமாக்கிய ஒழுங்கை இதுவரைக்கும் எங்கள் ஒன்றரை முழமும் அவர்களுடைய ஒரு முழமும்தான்.