பவர்க்காரரும் கண்ணாடிக் கட்டடமும்

உள்ளே சமையலறையில் ‘சிலீர்’ என்று ஒரு சத்தம்.

பவர்க்காரர் தலை நிமிரவில்லை. கையிலிருந்த மூக்குக்கண்ணாடியின் திருகாணியை முடுக்கிக்கொண்டே, அது தெருவில் கேட்ட சத்தமாக இருக்கக்கூடாதா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார். வேண்டுதல் பலிக்கவில்லை. கடையையும் வீட்டையும் பிரிக்கும் நடுக்கதவு திறந்தது. கோப்பையின் கைப்பிடியை மட்டும் விரலில் மாட்டிக்கொண்டு அவர் மனைவி வந்து நின்றாள்.

"மேடை மேலதான் வச்சேன். மேடை அங்க இல்ல," என்றாள்.

பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கணவர் தன் கையாலேயே செய்து கொடுத்த புதுக் கண்ணாடி அவள் மூக்கில் இருந்தது. அதைப் போட்ட நாளிலிருந்து அந்த வீட்டில் சர்க்கரை உப்பாகிவிட்டது, உப்பு சர்க்கரையாகிவிட்டது. பூனைக்கு ஊற்றிய பால் பவர்க்காரரின் செருப்புக்குள் போனது. பூனைக்கு அதில் வருத்தமில்லை.

"புதுசுன்னா பழக நாளாகும்மா," என்றார் பவர்க்காரர்.

"நான் பழகறதுக்குள்ள வீட்டுல கப்பு இருக்காதுங்க."

பெயரைக் கேட்டு அவரைப் பெரிய அதிகாரி என்று எண்ணிவிட வேண்டாம். யாரைப் பார்த்தாலும் "பவர் கூடியிருக்கும் போலிருக்கே" என்று கேட்கிற வழக்கத்தால் வந்த பட்டப்பெயர் அது. இளமையில் அவர் ஒரு கண் மருத்துவரிடம் உதவியாளாக இருந்தார். நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, சொட்டு மருந்து விடுவது, பயப்படுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை. மருத்துவர் ஓய்வு பெற்றுப் போகும்போது, சோதனை வில்லைகள் அடங்கிய பழைய மரப்பெட்டியை அவர் கையில் கொடுத்தார். அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்து அழுதுகொண்டே வந்தவர்தான், நகரின் நடுக்கடைத்தெருவில் கண்ணாடிக்கடை போட்டார்.

கடையில் ஒரே ஒரு குறை. நீளம் போதாது. கண் சோதனை அட்டையை இருபதடி தூரத்தில் மாட்ட வேண்டும். இவர் கடையிலோ நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் காலை நீட்டினால் இடித்துக்கொள்வார். என்ன செய்வது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த முதல் நாளே, எதிர்வரிசையில் இருந்த சாக்கு மண்டியின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. மேலே முதலாளியின் பெயர் பூசணிக்காய் அளவில். அதற்குக் கீழே ‘சாக்கு, கயிறு, தார்ப்பாய்’ என்று எலுமிச்சை அளவில். பிறகு ‘மொத்தமாகவும் சில்லறையாகவும்’. பிறகு தெருப்பெயர். கடைசியில் எறும்பு ஊர்வதுபோல் தொலைபேசி எண். வெள்ளையில் கறுப்பு எழுத்து. மருத்துவர்களே கூடி உட்கார்ந்து எழுதியிருந்தாலும் அத்தனை பொருத்தமாக வந்திருக்காது.

அன்று முதல் நாற்காலி தெருவைப் பார்த்துத் திரும்பியது. வந்தவர் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகி, "எதுத்தாப்பல படிங்க" என்பார். தொலைபேசி எண்வரை படித்துவிட்டால் கண்ணாடி வேண்டாம். கயிறோடு நின்றுவிட்டால் கொஞ்சம் பவர். முதலாளி பெயரே தெரியாவிட்டால் பெரியாஸ்பத்திரி. இந்த முறையில் அவர் தலைமுடி நரைக்கும்வரை தொழில் நடந்தது. ஒருமுறை ஒரு கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டே அந்தத் தொலைபேசி எண்ணைக் கடகடவென்று ஒப்பித்து, நல்ல பார்வை என்று பாராட்டும் வாங்கி, போகும்போது வாசல் கம்பத்தில் நெற்றியை முட்டிக்கொண்டார். அவசரக்கார மனிதர் என்று பவர்க்காரர் நினைத்துக்கொண்டார். வேறொன்றும் நினைக்கவில்லை.

அந்த மண்டியைத்தான் இடித்தார்கள். கூடவே நாலைந்து கடைகளும் போயின. தகரத் தட்டிக்குப் பின்னால் இரண்டு வருடம் தூசி பறந்தது. படிக்கப் பலகை இல்லாமல் பவர்க்காரர் அதுவரை வெறும் ஃபிரேம் விற்றுக் காலம் தள்ளினார். ஒரு நாள் தட்டியைப் பிரித்தார்கள். உள்ளே உச்சி முதல் பாதம்வரை கண்ணாடி போர்த்திய ஐந்து மாடிக் கட்டடம் நின்றது.

இந்த வரிசையின் நிம்மதி அன்றோடு போயிற்று. மதியம் ஆனால் வெயில் அந்தக் கட்டடத்தில் முட்டி நேராக இவர்கள் கடைகளுக்குள் பாய்ந்தது. பேக்கரியில் சாக்லெட் குழம்பானது. துணிக்கடைப் பொம்மைகளின் முகம் வெளுத்துப்போனது. வண்டி நிறுத்த இடமில்லாமல் பழைய வாடிக்கையாளர்கள் வேறு தெருவுக்குப் போனார்கள். வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வந்து, லிஃப்டில் மேலே போய், அதே லிஃப்டில் கீழே வந்து, கட்டடத்துக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

கட்டடத்தின் நெற்றியில் ஒரு போர்டும் வந்தது. பவர்க்காரர் ஆவலோடு காத்திருந்த போர்டு அது. பழையதைவிடப் பெரியது, உயரத்தில் இருப்பது, புத்தம் புதியது. அன்றே தையல்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, படிக்கச் சொன்னார். தையல்காரர் விழித்தார். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை என்றார். வில்லைமேல் வில்லை செருகிய பிறகு, "ஏதோ கோடு கோடா இருக்குண்ணே" என்றார். அடுத்து வந்த பேக்கரிக்காரருக்கும் அதே கோடுதான். துணிக்கடைக்காரருக்குக் கோடும் இல்லை. பவர்க்காரர் தன் மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஐயோ, அவளுக்கும் தெரியவில்லை.

பவர்க்காரருக்கு விளங்கிவிட்டது. ஒரு தெருவே ஒரே சமயத்தில் கண் இழந்துகொண்டிருக்கிறது. காரணம் வேறென்ன? அந்த வெயில், அந்தத் தூசி, அந்தக் கட்டடம். இப்படி அவர் ஒரு முறைதான் சொன்னார். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. வரிசையில் இருந்த அத்தனை பேர் மூக்கிலும் கனமான கண்ணாடி ஏறியது. நேற்றுவரை "ஃபிரேம் விக்கிறவர்" என்றவர்கள் "நம்ம டாக்டர்" என்றார்கள். நாளைக் காலை எல்லோரும் கண்ணாடி அணிந்து ஊர்வலமாகக் கட்டடத்து மேனேஜரிடம் போவது, கண்ணாடிச் சுவரைத் திரைபோட்டு மூடச் சொல்லிக் கேட்பது, முன்னால் நின்று பேசுவது நம்ம டாக்டர் என்று முடிவாகியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு கூட்டத்துக்கு முன்னால் நிற்கப் போகிறார். சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியும் வைத்துவிட்டார்.

இப்போது மனைவி கைப்பிடியை மேசைமேல் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு தெருவைப் பார்த்து, எதிர்க்கட்டடத்துக் காவலாளி சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை என்றாள். அவருக்குப் பின்னால் நிற்கிற தொட்டிச்செடி பிளாஸ்டிக் என்றாள்.

பவர்க்காரர் கையிலிருந்த மூக்குக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "அப்ப போர்டு?"

"அது தெரியல. நேத்து சாயங்காலம் ரோட்டைத் தாண்டிப் போய், அதுக்கு நேர் கீழ நின்னு பாத்தேன். அங்க நின்னும் படிக்க முடியலங்க."

அவர் வாசலுக்குப் போய், அதுவரை பிறரை மட்டுமே படிக்கச் சொன்ன போர்டை முதல் தடவையாகத் தானே நிமிர்ந்து பார்த்தார். தலைமுடி கனத்தில் வெள்ளி எழுத்துகள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பளபளக்கும் கண்ணாடிமேல் கண்ணாடியாகவே கிடந்தன. எழுத்து எது, மேகத்தின் நிழல் எது என்று சொல்ல முடியவில்லை. அவர் திரும்பி வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

மனைவி அவரை விடவில்லை. பழைய போர்டு தெருவுக்கே மனப்பாடம், அதனால் கண் கெட்டவர்களும் அப்போது தப்பித்தார்கள், இந்தப் போர்டு யாருக்குமே தெரியாது, அதனால் கண் நல்லா இருப்பவர்களும் இப்போது மாட்டிக்கொண்டார்கள் என்றாள். அப்போதும் தப்பு, இப்போதும் தப்பு என்றாள். நாளைக்கு ஊர்வலம் போகக்கூடாது என்றாள். அவர் ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் நாளை இதே தெரு அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று நினைத்துப் பார்த்தார். 

அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் வந்தார். நாளைய ஊர்வலத்தில் யார் எங்கே நிற்பது என்று பேச வந்தவர். இரண்டு வாரமாக அவருக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு வலது கை வைத்துத் தைத்துவிட்டார். எல்லாம் அந்தக் கட்டடம் செய்த கொடுமை என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவி நடுக்கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே போனாள். பவர்க்காரர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் இன்னொரு நிழல் விழுந்தது.

கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர். எதிர்க்கட்டடத்து மேனேஜர். ஊர்வலம் பற்றித் தெரிந்து சண்டைக்கு வந்திருக்கிறார் என்று தையல்காரர் எழுந்து நின்றார். மேனேஜரோ சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தன் கண்ணைச் சோதிக்க வேண்டும், வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்றார்.

தையல்காரர் முகம் மலர்ந்துவிட்டது. மேனேஜர் முதுகுக்குப் பின்னால் நின்று, செருகுங்கள், பெரிய வில்லையாகச் செருகுங்கள் என்று கையால் ஜாடை காட்டினார். கட்டடத்து மேனேஜரின் கண்ணே கட்டடத்தால் கெட்டுவிட்டது என்றால், நாளைக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பவர்க்காரர் இரும்புச் சட்டத்தை மாட்டினார். வாய் தன் பழக்கத்தில், "எதுத்தாப்பல படிங்க" என்றது.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். முதல் எழுத்தை ஊகித்துச் சொன்னார். அதன்பின் அவர் உதடு துடித்தது. போர்டு எப்படி இருக்கிறது என்று மேலிடத்தில் கேட்டபோது எல்லோரும் பிரமாதம் என்றார்களாம். தனக்கு மட்டும் தெரியவில்லையே என்று பயந்து, இவரும் பிரமாதம் என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து தூக்கமில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

"எனக்குக் கண்ணு போயிடுமா சார்?" என்றார் மெல்ல. "பாப்பா இப்பதான் நடக்க ஆரம்பிச்சிருக்கா."

பவர்க்காரரின் விரல்களுக்கு நடுவே வில்லை இருந்தது. அதைச் செருகினால் நாளைக்கு அவர்தான் டாக்டர். பின்னால் தையல்காரர் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார். பயப்படுகிறவர்களின் கையைப் பிடித்துப் பழகிய மனிதர் அவர். பயத்தை எங்கே பார்த்தாலும் அவருக்கு அடையாளம் தெரியும். வில்லையைப் பெட்டியில் வைத்தார். இரும்புச் சட்டத்தைக் கழற்றினார்.

"உங்க கண்ணுல ஒண்ணுமில்ல தம்பி. அந்தப் போர்டை யாராலயும் படிக்க முடியாது. இது தெரியாம நான் இந்தத் தெரு முழுக்கக் கண்ணாடி மாட்டி விட்டுட்டேன்."

மேனேஜர் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். போர்டை மாற்றாமல் விடமாட்டேன் என்று சொல்லி, காவலாளியிடம் நேராகப் போய், அவரையும் அண்ணாந்து படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

 தையல்காரர் தன் கனமான கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார். நூலை நாக்கில் நனைத்தார். ஒரே குத்தில் கோத்துவிட்டார். கோத்த ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அவர் கண் கலங்கியது.

"தொழிலே போச்சுன்னு வீட்டுல உக்காந்து அழுதேண்ணே," என்றார்.

 பவர்க்காரரின் தலை குனிந்தது. நடுக்கதவைச் சுவரோடு சுவராகத் தள்ளித் திறந்துகொண்டு அவர் மனைவி வந்தாள். கடை நாற்காலியிலிருந்து சமையலறைச் சுவர்வரை இருபதடிக்குமேல் இருக்கிறது, அட்டையை அங்கே மாட்டினால் போதும் என்றாள். வருகிறவர்கள் வீட்டுக்குள் பார்ப்பார்களே என்று பவர்க்காரர் முனகினார்.

"பாக்கட்டும். நான் கப்பை உடைக்கறதைத் தெருவே கேட்டுச்சு. உடைக்காம வைக்கறதையும் பாக்கட்டும்," என்றாள்.

தவறாகக் கொடுத்த கண்ணாடிகளையெல்லாம் சும்மாவே மாற்றித் தருவதாகப் பவர்க்காரர் சொன்னார். வெயில் நிஜம், அதைப் போய்க் கேட்போம், கண்ணைப் பற்றி மட்டும் பேச வேண்டாம் என்றும் சொன்னார். தையல்காரர் வாசல்வரை போனார். பிறகு திரும்பினார்.

"உங்களை நான் சும்மா விடமாட்டேண்ணே. யாருக்கும் கண்ணு கெடலைன்னு ராத்திரியே எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லப் போறேன். காலையில கடையைச் சீக்கிரம் திறங்க. முதல் ஆளா நான்தான் வந்து உக்காருவேன். அண்ணி, உங்க சமையல்கட்டைப் பாத்து நாலு பேர் நாலு சொல்லுவாங்க, நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

மேசைமேல் இருந்த தன் கண்ணாடியை அவர் எடுக்கவில்லை. படியிறங்கி, கதவைத் தன் பின்னால் இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.