அத்தையின் கல்லறையில் ஒரு சொல்

பிள்ளைகளா, உங்கள் அத்தையின் கல்லறையில் "சாந்தகுணமுள்ளவள்" என்று இருக்கிறதே, அது கல்லில் ஏறாமலே போயிருக்கும். நாங்கள் வேலை பார்த்த ரப்பர்த் தோட்டத்தை விற்ற வருஷம், ஈப்போவில் கல் வெட்டக் கொடுத்தபோது அத்தையின் புருஷன், உங்கள் மாமா, அந்தச் சொல்லுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"சாந்தமா? பிள்ளைத்தாச்சிய ஏசுன மண்டோர, வேல வாங்குற அந்த ஆள, பால் வாளியோட தொரத்துனவ லா, மச்சான்! ஆளுங்க சிரிப்பாங்க."

கூட வந்த போதகர் சொன்னார்: "வேதத்துல அதுக்குக் கிரேக்கச் சொல், ஆணுக்குப் பிரயூஸ், பெண்ணுக்குப் பிரயேயா. பயந்தவங்கன்னு அர்த்தம் இல்ல. கோபம் இருக்கும், அத எங்க காட்டணும்னு தெரிஞ்சவங்க."



"எங்கிட்ட ஒருநாளும் காட்டல. போடச் சொல்லுங்க," என்றார் மாமா.

கல் நட்டு எல்லோரும் போனபின், நான் மட்டும் நின்று எழுத்துக்குள் ஒட்டியிருந்த தூளை ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்தேன்.