மையால் மூடிய பென்சில் கோடுகள்

ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பென்சில் தெரியவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், காரைக்குடி செக்காலையில் ஒரு கடையில், என் வரைபடம் பாதிக் கோடுகள் இல்லாமல் வெளியே வந்தது. அங்கேயே நின்று எல்லாப் பென்சில் கோடுகள் மேலும் பேனாவை ஓட்டினேன். நான் செய்த அயோக்கியத்தனம் அவ்வளவுதான். அரை மணி நேரம் பிடித்தது.

எங்கள் ஆய்வகத்தில் என்னைவிட மூத்த ஆய்வாளர் ஒருவர் இருந்தார். காளையார்கோவில் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அக்கா என்பேன். செல்லுக்குள் எந்தப் புரதம் எதனோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று கோடு போட்டு இணைத்தால் ஒரு வலை கிடைக்கும். ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டின் வலையை அவர் வரைந்தார், மனிதனின் வலையை நான். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. சோதனையில் யாராவது கண்டிருந்தால் மைக்கோடு. ஈஸ்டில் இருப்பதால் மனிதனிலும் இருக்கலாம் என்பது வெறும் ஊகம், அதற்குப் பென்சில். விதியை வைத்தவர் அவர்.

நான் செய்ததைச் சொல்லவில்லை. அவர் என் பிரதியை நம்பி ஒப்பிட்டார். "மனுசன் இம்புட்டு ஈஸ்டு மாதிரியா இருப்பான்? நம்ம சாரப் பாத்தா நம்பலாம்த்தா" என்று சிரித்தார்.

ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வாரம் இருக்கையில் ஒரு கோட்டில் விரலை வைத்தார். "இதுக்கு எந்தப் பேப்பர்த்தா?" அது பென்சிலில் இருந்த கோடு, அதற்கு ஆய்வுக் கட்டுரை எதுவும் இல்லை. அடுத்த கோட்டுக்கும் இல்லை.

எங்கள் நெறியாளரான பேராசிரியரோ, "ஒருத்தனும் தோண்டிப் பாக்க மாட்டான். பேசாமக் குடுத்துட்டுப் போம்மா" என்றார்.

"நான் மனுசனப் பாக்கவே இல்லையே சார். ஈஸ்டக் கண்ணாடியில பாத்துட்டு, ரெண்டும் ஒண்ணா இருக்குன்னு எழுதியிருக்கேன். ஆறு மாசம் குடுங்க சார், மொதல்லேருந்து பாத்துர்றேன்."

உதவித்தொகைக் காலம் முடிந்தது, நீட்டிக்க முடியாது என்றார்கள். சரிபார்க்காதது தன் தவறு என்று அக்கா முடித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பட்டம் இல்லாமல் சிங்கம்புணரியில் ஒரு பள்ளிக்கு வேலைக்குப் போனார். கிளம்பும் நாளில், "ஒண்ணும் சொல்லாமப் போறீகளேக்கா, ஏசிட்டாச்சும் போங்க" என்றேன்.

"ஏசுனா ஒனக்கு லேசாயிரும்த்தா. போயி வேலையப் பாரு."

பார்த்தேன். அந்த வரைபடத்தை என்னிடமே கொடுத்தார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் சான்று தேடி, கிடைக்காததை அடித்தேன். மிஞ்சியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஈஸ்டும் மனிதனும் உண்மையாகவே ஒத்துப்போயின. அதுதான் என் ஆய்வேடு. இன்று மாணவர்கள் கணினியில் ஆயிரம் கோடுகளோடு வருகிறார்கள், எல்லாம் ஒரே தடிமன். எது கண்டது, எது ஊகித்தது என்று கேட்டுக் கத்துகிறேன். ரொம்ப நேர்மையானவர் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

அக்கா கேட்ட ஆறு மாதம்கூட அந்த வேலைக்கு ஆகவில்லை. நான்கு மாதத்தில் முடித்துவிட்டேன்.