கூட்டல் மெஷினும் காலி டிரங்குப் பெட்டியும்

கூட்டல் மெஷின் விற்கப் போனால், கணக்குத் தெரிந்தவர் 'இது எனக்கு எதற்கு?' என்பார், தெரியாதவர் 'இது எனக்கு எப்படி?' என்பார். கனத்த பெட்டியும் காய்ந்த தொண்டையுமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் ஒரு பக்கத் தோள் இறங்கித்தான் இருக்கும். நான் ஏறி இறங்கியது மலாயாவில், கெடா ரப்பர் எஸ்டேட்டுகளில், அதுவும் வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்திருந்த சமயத்தில். கம்பெனி பினாங்கில் இருந்தது. நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு மாடியறையில் இருந்தேன்.

பெட்டிக்குள் என்ன?

காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று சாலைக்குச் சாலை தடுப்புப் போட்டு, பையையும் பெட்டியையும் திறந்து பார்த்த காலம் அது. புக்கிட் செலம்பாவுக்குப் பஸ்ஸில் போகிற வழியில் ஒரு தடுப்பு. அங்கே நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நம்ம எஸ்டேட்டுப் பையன்தான். என் பெட்டியைத் தூக்கிப் பார்த்தான், கனத்தைக் கண்டு முகம் மாறியது. திறக்கச் சொன்னான்.

திறந்தேன். பழக்கதோஷம், விளக்கவும் ஆரம்பித்துவிட்டேன். இரண்டு எண்களை அமுக்கிக் கைப்பிடியை இழுத்ததும் மெஷின் கடகடவென்று சத்தம் போட்டது. அவன் சட்டென்று பின்வாங்கித் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் குனிந்துகொண்டார்கள். மெதுவாக வந்து மறுபடி எட்டிப் பார்த்துவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்:

"இத சாப்பிட முடியாதுல்ல? அப்ப போங்கண்ணே."

ஓட்டை போட்ட அட்டை

புக்கிட் செலம்பாவில் ஒரு பாய் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் மெஷின் வாங்கமாட்டார் என்று தெரிந்தும் அங்கே போவேன், தேநீர் கொடுப்பார். எந்த டின்னை விற்றாலும் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். பாலைப் பதுக்கிக் காட்டுக்கு அனுப்ப முடியாதல்லவா? அவர் ஆணியை வைத்துப் பால் டின்னில் ஓங்கி அடித்தபோது, நான் மனசிலிருந்ததைச் சொன்னேன்.

கம்பெனிக்கு லண்டனிலிருந்து வருகிற படப் புத்தகத்தில் ஒரு புதிய இயந்திரத்தைப் பார்த்திருந்தேன். அட்டையில் ஓட்டை போட்டு உள்ளே தள்ளினால், ஆயிரம் பேருடைய சம்பளக் கணக்கை அதுவே பிரித்து அடுக்கிக் கூட்டிவிடும். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அதைச் செய்கிற இஞ்சினியராக என்னால் ஆக முடியாது. ஜப்பான்காரன் வந்தபோது என் பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது, பிறகு ஒருவழியாக முடித்தேன், அதில் விஞ்ஞானம் கிடையாது. ஆனால் அந்த இயந்திரம் வந்து இறங்கப்போவது ஆபீஸில்தானே? அதற்கு என்ன வேலை கொடுப்பது என்று சொல்ல வேண்டியவன் வணிகம் படித்தவன்தானே? ஆகவே மதராஸுக்குப் போய் பி.காம். படிப்பது என்று முடிவு கட்டியிருந்தேன். எல்லாவற்றையும் பாயிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் டின்னை வாடிக்கைக்காரியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"ஓட்ட போட்டா பாலு கெட்டுப்போவுது தம்பி. ஒங்க அட்டைக்கு மட்டும் எப்படி புத்தி வருது?"

ஒரு கப்பல், இரண்டு பேர்

பினாங்கு ஆபீஸில் எங்கள் பெரிய துரை ஒருநாள் என்னையும் சிவாவையும் கூப்பிட்டார். சிவா கூலிம் பக்கம் விற்கிறவன், என் வயதுதான். ஓட்டை அட்டை இயந்திரங்களுக்கென்று கம்பெனி ஒரு பிரிவு திறக்கப்போகிறது, வணிகப் பட்டம் உள்ளவன் வேண்டும், உங்களில் ஒருவனை மதராஸுக்கு அனுப்பிப் படிக்கவைக்கிறேன் என்றார். ஆளுக்கொரு பெரிய எஸ்டேட். எவன் முதலில் கூட்டல் மெஷினுக்கு ஆர்டர் வாங்குகிறானோ அவனுக்குக் கப்பல். எனக்கு விழுந்தது பாடாங் மேஹா பக்கம்.

வெளியே வந்து துறைமுகத்தோரம் நின்றோம். மதராஸ் கப்பல் ஒன்று புறப்படத் தயாராக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண்ணைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. சிவாவும் அதையேதான் பார்த்தான். பிறகு சொன்னான்:

"நீயே போடான்னு சொல்லிரலாம்னுதான் பாக்கிறேன் மணியம். வாய் வரமாட்டேங்குது லா."

காலிப் பெட்டி

ஆர்டர் கைக்கு வருவதற்கு முன்பே நான் சுங்கைப் பட்டாணி பாசாரில் ஒரு டிரங்குப் பெட்டி வாங்கிவிட்டேன். பச்சை வர்ணம், பித்தளைப் பூட்டு. அறையில் வைத்தால் வீட்டுக்காரர் காலி செய்யப்போகிறேன் என்று நினைப்பாரே என்று, புக்கிட் செலம்பாவில் அக்கா வீட்டில் வைக்க எடுத்துப்போனேன். அதே தடுப்பு, அதே கான்ஸ்டபிள். திறந்து பார்த்தான். அடியில் தட்டினான். ஒன்றுமில்லை. இரகசிய அறை ஏதும் இருக்குமோ என்று மறுபடி தட்டினான். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"அன்னிக்கி மெஷினு, சரி. காலிப் பெட்டிய எதுக்குண்ணே தூக்கிக்கிட்டு அலையிறீங்க?"

கட்டையில் குங்குமம்

பாடாங் மேஹா எஸ்டேட் துரை சீமைக்கு லீவில் போக இருந்தார், விடிகாலையில் புறப்பாடு, அதற்கு முந்தின நாள் மத்தியானம் மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நானும் அதற்கும் ஒருநாள் முன்பே மெஷினை ஆபீஸில் இறக்கி, அங்கே கணக்கெழுதுகிற பெரிய கிராணி வேலாயுதம் பொறுப்பில் விட்டு வந்தேன். நாள் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் போனால் ஆபீஸே மணக்கிறது. சரஸ்வதி பூஜை. கணக்குப் புத்தகங்கள், டைப்ரைட்டர், நடுவில் என் மெஷின். நெற்றி என்று எதை நினைத்தார்களோ அங்கே சந்தனம், எண் கட்டைகள் மேல் குங்குமம், கைப்பிடிக்கு மாலை. படைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது, மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்கலாம். உங்களுக்குத் தெரியாததா?

துரை வந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "ஓட்டிக் காட்டு மணியம்" என்றார். கிராணிமார் எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சின்ன வயதில் இந்த நாளில் நான் புத்தகத்தைத் தொட்டதே கிடையாது. இப்போது வாழ்க்கையில் நான் கேட்பதெல்லாம் படிப்பு ஒன்றுதான், அதைக் கொடுக்கிறவள் முன்னாலேயே அவளுக்குப் படைத்ததை எடுப்பதா? கை எழவில்லை. வாயால் விளக்கினேன், என்னென்னவோ விளக்கினேன். துரை நல்ல மனிதர், சிரித்தார். லீவு முடிந்து வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் சிவா ஆர்டர் வாங்கிக் கப்பலேறிவிட்டான். என் பச்சைப் பெட்டியை அவனுக்குத்தான் கொடுத்தேன், துறைமுகத்தில் கையசைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

பூஜை அன்றைக்குத் துரை போன பிறகு நான் ஆபீஸ் படியில் உட்கார்ந்திருக்க, வேலாயுதம் ஒரு இலையில் சுண்டல் கொண்டுவந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா காலடியில வச்சாச்சு தம்பி. இனிமே படிப்பு ஒங்கள தேடிக்கிட்டு வரும், பாருங்க."

அதற்குப் பிறகு கெடாவுக்குள்ளேயே எத்தனையோ வீடு மாறிவிட்டேன், ஒவ்வொரு தடவையும் புது விலாசத்தைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் நின்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் மாறுகிறேன்.