ஜீப்பின் பின்சீட்டில் எழுதிய வாக்குமூலம்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள். அப்போது நான் பதுளையில் வாகன மதிப்பீட்டாளர் ஒருவரின் சிறிய அலுவலகத்தில் வேலை செய்தேன். விபத்தில் அடிபட்ட வாகனங்களைப் பார்த்து, என்ன உடைந்திருக்கிறது, திருத்த எவ்வளவு ஆகும் என்று காப்புறுதி நிறுவனங்களுக்கு அறிக்கை அனுப்புவது எங்கள் தொழில். மதிப்பீட்டாளர் சேர் பார்த்துச் சொல்வார். நான் ஆங்கிலத்தில் எழுதுவேன்.

ஆங்கிலத்தில் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்போது பெரிய பெருமை. நமுனுகுல பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவள் நான். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான்தான். சம்பள நாளில் அம்மா பெருவிரலை மையில் வைப்பதைப் பார்த்துச் சிறுவயதில் வெட்கப்பட்டிருக்கிறேன். அந்த வெட்கம் என்னைப் படிக்க வைத்தது. கொஞ்சம் திமிரையும் தந்தது.

அன்று காலை எங்கள் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பஸாரில் பெரிய கடை வைத்திருந்த முதலாளி ஒருவருடையது. குடும்பத்தோடு தூரப் பயணம் போவதற்கென்றே செய்த சொகுசு ஜீப். பழைய மொடலைப் பல இடங்களில் மாற்றி, அந்த ஆண்டுதான் புதிதாக வந்திருந்தது. அதன் இடப்பக்க முன்விளக்கு உடைந்து, பம்பர் பிளந்து, பக்கக் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன், எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துப் பாதையில் அது ஒரு பெண்ணை மோதியிருந்தது. கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்தவர். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார். பிழை ஜீப்பின் மீது என்றால் அவருக்கு நட்டஈடு கிடைக்கும். அவரே குறுக்கே பாய்ந்தார் என்றால் ஒன்றும் கிடைக்காது. எங்கள் அறிக்கையை வைத்துத்தான் அதை முடிவு செய்வார்கள்.

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். புது வாகனம் கண்டால் அவருக்குப் பசிகூடத் தெரியாது. குடையைப் பிடித்துக்கொண்டு ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பிள்ளை, எழுதும். இடப்பக்கக் கண்ணாடி, முழுசா மாத்த வேணும். பழைய மொடலில இதைக் கையால மடக்க வேணும். இது சுவிச்சை அமத்தினா தானா மடங்கும்."

"விலை, சேர்?"

"அது மட்டும் மடங்காது."

கண்ணாடியின் விளிம்பில் பாசியும் ஈரமண்ணும் அப்பியிருந்தன. அதையும் எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அடிபட்ட பெண்ணின் வாக்குமூலமும் வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாமென்று முதலாளியே எங்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் புறப்பட்டார். சேர் முன்னால், நான் பின்னால்.

அப்படியொரு சீட்டில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. வெண்ணெய் நிறத் தோல். எனக்கென்று தனியாகக் குளிர்காற்று வரும் துவாரம். எனக்குப் பின்னாலும் இன்னொரு வரிசை சீட். முன்சீட்டின் முதுகில் மடித்து வைக்கும் சின்ன மேசை ஒன்றும் இருந்தது.

"புள்ளைங்க படம் கீறட்டும்னு கம்பெனிக்காரன் வச்சிருக்கான் தங்கச்சி. பழசுல இது இல்ல. விரிச்சுப் பாருங்க," என்றார் முதலாளி.

விரித்து, தாள்களை அதன் மேல் வைத்தேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நான் போய்வரும் அதே வளைவுகள், அதே குழிகள்.

"பிள்ளை, எழுத்து ஆடுதோ?" சேர் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல சேர்."

"அப்ப சஸ்பென்சன் நல்லம். எழுதும்."

ஓட்டிக்கொண்டே முதலாளி தன் வாக்குமூலத்தைச் சொன்னார். அந்தப் பெண் திடீரென்று பாதையைக் கடந்து ஓடிவந்ததாகவும், தன்னால் எதுவும் செய்ய முடியவில்லை என்றும் சொன்னார். அதை அழகான எழுத்தில் எழுதி முடித்தேன். பாதை இன்னும் மிச்சம் இருந்தது. மேசையும் இருந்தது. இரண்டு வாக்குமூலமும் ஒத்துப்போகாவிட்டால் கோப்பு திரும்பி வரும், சேர் சலித்துக்கொள்வார். அதனால் இரண்டாவது தாளையும் எடுத்து, முதலாளி சொன்னதையே அந்தப் பெண் சொன்னது போல எழுதிவிட்டேன். 'நான் திடீரென்று பாதையைக் கடந்து ஓடினேன்.' அங்கே போய் வாசித்துக் காட்டலாம், வேறு மாதிரிச் சொன்னால் திருத்தலாம் என்றுதான் நினைத்தேன்.

ஜீப் லயத்து வாசல்வரை போய் நின்றது. மழையிலும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அடியே, எலக்சன் வந்துருச்சா? ஜீப்பு லயத்துக்கே வந்திருக்கு!"

"ஓட்டு கேக்க வாரவுங்க இம்புட்டு அமைதியாவா வருவாங்க? இது வேற என்னமோ."

நான் கதவைத் திறந்து இறங்கியபோது எல்லாருடைய கண்ணும் என் மேல் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கட்டுப் போட்ட காலைப் பழந்துணி மூட்டையில் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"மேல் தோட்டத்துப் புள்ளதானே நீ? ஒங்கம்மாவ எனக்குத் தெரியும். படிச்சு வேலைக்குப் போறேன்னு சொன்னாங்க. இரு, தேத்தண்ணி போடச் சொல்றேன்."

"வேணாங்க அக்கா. நேரமில்ல."

வெளியே ஹோர்ன் சத்தம் கேட்டது. "பிள்ளை, முடிஞ்சுதோ? மழை கூடுது!" என்று சேர் கூப்பிட்டார். என் சப்பாத்தில் சேறு ஏறியிருந்தது. தாளையும் மைப்பெட்டியையும் எடுத்தேன்.

"என்னா புள்ள எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"நடந்ததத்தான் எழுதியிருக்கு அக்கா."

"அப்பச் சரி. நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்."

பெருவிரலை நீட்டினார். நான் பிடித்து வைத்தேன்.

நான்கு மாதம் கழித்து, ஒரு கோலை ஊன்றிக்கொண்டு புருஷனோடு எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். கையில் காப்புறுதி நிறுவனத்தின் கடிதம். ஆங்கிலத்தில் இருந்தது. வாசித்துத் தமிழில் சொன்னேன். திடீரென்று பாதையைக் கடந்து ஓடியதாக நீங்களே கூறியிருப்பதால் நட்டஈடு தர இயலாது.

"ஓடுனேனா? நானா?"

அவர் புருஷன் சிரித்தார். "கல்யாணம் கட்டுன நாள்லருந்து நீ ஓடி நான் பாத்ததில்லையே."

அக்கா சிரிக்கவில்லை. "நெறகூடையோட எவ ஓடுவா புள்ள? ஒங்கம்மா ஓடுவாளா? நான் மேட்டோரமா ஒதுங்கித்தான் நின்னேன். ஜீப்புதான் மேட்ட ஒரசிக்கிட்டு வந்து அடிச்சுச்சு."

எனக்குத் தெரியாத விஷயமா? தலைக்கயிற்றில் நிறைகூடை தொங்கும்போது கழுத்தைக்கூடத் திருப்ப முடியாது. ஓரெட்டு வேகமாக வைத்தாலும் கொழுந்தோடு ஆளும் சாயும். என் அம்மா அப்படி நடந்ததைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அவர்கள் போன பிறகு கோப்பின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கக் கண்ணாடியில் பாசி, ஈரமண். ஜீப் மேட்டை உரசியது என் கையெழுத்திலேயே இருந்தது. நான் அதையும் வாக்குமூலத்தையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. ஜீப்பின் ஒவ்வொரு கீறலையும் கணக்கெடுக்க ஒரு காலைப்பொழுது முழுக்கச் செலவழித்த நாங்கள், அந்த முறிந்த காலுக்கு ஐந்து நிமிடம்கூடக் கொடுக்கவில்லை.

சேரிடம் சொன்னேன். கோப்பை வாங்கிப் புரட்டினார்.

"வாசிச்சுக் காட்டினனீரோ?"

"இல்ல சேர்."

"நானும் கேக்கேல்லை. ஜீப்புக்குள்ள குந்திக்கொண்டு ஹோர்ன் அடிச்சுக்கொண்டு இருந்தனான்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடந்ததை எழுதும். நானும் கையெழுத்து வைக்கிறன்."

எழுதினேன். அந்த வாக்குமூலம் அந்தப் பெண் சொன்னதல்ல, அவரிடம் கேட்காமல் நான் எழுதியது, அவருக்கு வாசித்துக் காட்டவுமில்லை என்று எழுதினேன். வேலை போய்விடும் என்று பயந்தேன், போகவில்லை. சில வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. ஏற்கெனவே அடையாளமிட்டுக் கொடுத்த வாக்குமூலத்தை மாற்ற முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பதிலோடு லயத்துக்குப் போய், எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கே கேட்டேன்ல புள்ள, என்னா எழுதியிருக்குன்னு," என்றார். அவ்வளவுதான்.

அவர் கால் கோணலாகவே பொருந்திவிட்டது. மலையில் ஏறி நிற்க முடியாது. அடுத்த ஆண்டு இன்னொரு தாளோடு அலுவலகத்துக்கு வந்தார். அவர் தானாக விரும்பி வேலையிலிருந்து விலகுவதாகத் தோட்ட நிர்வாகமே ஆங்கிலத்தில் எழுதி, பெருவிரல் வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்த தாள். என்னை மன்னித்து என்னிடம் வந்ததாக நான் நினைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் லயத்தில் ஆங்கிலம் வாசிக்க வேறு ஆளில்லை.

"வாசி புள்ள. ஒரு எழுத்து விடாம வாசி."

வாசித்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். முடித்ததும், "இன்னொரு தரம்," என்றார். மறுபடியும் வாசித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரல் தாளில் எந்த வரியில் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்தவள் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் ஒருவர் சொல்லாத சொல்லை அவர் சொன்னதாக ஆக்கிவிடும் பலமும் அந்தப் படிப்போடுதான் என் கைக்கு வந்தது என்பதை அறிந்த பிறகு, இன்னொருவருக்காகப் பேனாவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது.