முதுகில் பேட்டரி சுமக்கும் பிளேயர்

நாளை மறுநாள் எனக்கு பி.எட். பரீட்சை. கண் தெரியாத நான் காதால்தான் படிக்கிறேன். தோழி சரண்யா புத்தகம் முழுவதையும் வாசித்து, என் பழைய எம்பி3 பிளேயரில் பதிவு செய்து தந்திருந்தாள். வேறு பிரதி கிடையாது. அவளும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள்.

இன்று காலை பிளேயர் நின்றுவிட்டது. சார்ஜ் ஏறவில்லை. கம்ப்யூட்டரில் மாட்டியும் உயிர் வரவில்லை.

டவுன்ஹால் ரோட்டில் ஏறிய கடைகளிலெல்லாம் ஒரே பதில்.

"இதுக்குப் பேட்டரியே வாரதில்லக்கா. புதுசு வாங்கிருங்க."

புதுசில் என் பாடம் இருக்காதே. கடைசிக் கடையில் அழுதுவிட்டேன்.

அந்தக் கடை பாய் பிளேயரைத் திறந்தார். "பேட்டரி உப்பிப்போச்சும்மா. செல்போன் பேட்டரி வச்சா ஓடலாம். ஆனா உள்ள அடங்காது."

"வெளிய தொங்கட்டும் பாய்."

"எங்கிட்ட இப்ப இல்லையே."

என் போனைத் திறந்து பேட்டரியை நீட்டினேன்.

"யோசிச்சுக்கம்மா. வயரைப் பத்தவச்சா திரும்ப போனுக்கு ஆகாது."

"வைங்க பாய்."

ஈயம் உருகும் வாசனை வந்தது. பிறகு இயர்போனை என் கையில் கொடுத்தார். பட்டனை அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினேன். நாலாவது பாடத்தின் நடுவில் சரண்யா இருமினாள்.

இப்போது பிளேயரின் முதுகில் பேட்டரி, அதைப் பிடித்திருப்பது ஒரு ரப்பர் பேண்ட். சூடாகிறதா என்று தடவித் தடவியே படிக்கிறேன்.

போனில் இனி என்னைப் பிடிக்க முடியாது. வாழ்த்துவதானால் இந்தப் பதிவின் கீழேயே எழுதுங்கள், ஹாஸ்டல் கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்லும். யார் வீட்டிலாவது செல்போன் பேட்டரி சும்மா கிடந்தால் வாழ்த்துக்கு முன்னால் அதை எழுதுங்கள்.