வெள்ளிக்கிழமை சாவி

போன மாதம் ஆள் உயரத்துக்கு ஒரு பெண்டுலம் கடிகாரம் வாங்கினேன்.

“எதுக்குக்கா? போன்லயே டைம் தெரியுதே!” என்றான் தம்பி. அவன் துபாயில் இருக்கிறான். அங்கிருந்தபடியே அவனுக்கு எல்லாம் தெரியும்.

ரிட்டயர் ஆனவளுக்கு மணி தெரிந்து என்ன ஆகப்போகிறது? எனக்கு வீட்டில் ஒரு சத்தம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். டிவி இருக்கிறதே என்பீர்கள். டிவி ஊருக்கே பேசுகிறது… என்னிடம் பேசுவதில்லை.

நான் கே.ஜி.எஃப்.காரி. அப்பாவுக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை. எங்கள் லைன் வீட்டில் கடிகாரமே கிடையாது. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சங்கு ஊதும். உலை வைப்பது, குளிப்பது, ஸ்கூலுக்கு ஓடுவது எல்லாம் அதை வைத்துத்தான். இப்போது ஜீவனஹள்ளியில் இரண்டாவது மாடி, ஒற்றை பெட்ரூம், நான் ஒருத்தி. அன்று முழுக்க வாயே திறக்கவில்லை என்பது சில நாள் படுக்கப் போகும்போதுதான் நினைவுக்கு வரும்.

காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பழைய ஃபர்னிச்சர் கடை. கடைக்காரர் பாஷா பாய்.

“மேடம் எந்த ஊரு?”

“கே.ஜி.எஃப்.”

“அரே! இதுவும் கே.ஜி.எஃப்.தான் மேடம்! மேனேஜர் துரை பங்களாவுல நின்ன பீஸு!”

மைசூர் என்று சொல்லியிருந்தால் அரண்மனையிலிருந்து வந்திருக்கும்!

ஆனால் மனுஷருக்கு விஷயம் தெரியும். நொடிக்கு ஒரு ஆட்டம் ஆட வேண்டுமென்றால் பெண்டுலம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் இருக்க வேண்டுமாம். அதற்குத்தான் இந்த உயரம். “பெட்டி ஒரு கடிகாரத்தோடது, மெஷின் இன்னொண்ணோடது. பொய் சொல்ல மாட்டேன், அதான் ரேட் கம்மி. எட்டு நாள் ஓடும். வாரத்துல ஒரு கிழமை வெச்சு சாவி குடுங்க. மறந்தீங்கன்னா மறுநாளே நின்னுடும்” என்றார்.

வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொண்டேன். வாராவாரம் உங்களுக்கு இந்தப் பத்தி எழுதும் நாளும் அதுதானே.

ஹாலில் நிறுத்தினால் பத்தே நிமிஷத்தில் நின்றுவிட்டது. தரை சரிவு! பாத்ரூமுக்குக் கொடுக்க வேண்டிய சரிவை எங்கள் பில்டர் ஹாலுக்குக் கொடுத்திருக்கிறார். பழைய பேப்பரை மடித்து ஒரு காலுக்கு அடியில் செருகினேன். ஓட ஆரம்பித்தது. குனிந்து பார்த்தால் — என் பத்தி. இத்தனை வருஷ எழுத்தில் ஒன்றாவது நேராக நின்றது அன்றுதான்.

நாலாம் நாள் காலிங் பெல் அடித்தது. கீழ் வீட்டு மஞ்சு. கன்னடக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று வருஷமாக மாடிப்படியில் பார்த்தால் சிரிப்பாள், அதோடு சரி.

“ஆன்ட்டி, ஸ்வல்பா… கொஞ்சம் அந்த மணியை நிறுத்த முடியுமா? நைட் ட்யூட்டி முடிச்சு காலைல வந்துதான் படுக்கறேன். பத்து, பதினொண்ணுன்னு தலைமேலயே அடிக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. “என் வீடு, என் கடிகாரம். நீ மிக்ஸி போடறப்ப நான் வந்து கேட்டேனா?”

அவள் இறங்கிப் போய்விட்டாள். கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. கூரியர்காரரை விட்டுவிட்டால், அந்த மாதம் என் வீட்டு பெல்லை அழுத்திய ஒரே ஆள் அவள்தான். ‘உள்ளே வாம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வாய்க்கொழுப்பு.

இரண்டு வாரத்துக்கு முன் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா? பரவாயில்லை, எடிட்டரே ஒரு விளம்பரத்தைப் போட்டு நிரப்பிவிட்டார். வியாழக்கிழமை ஜுரத்தில் விழுந்தேன். வெள்ளிக்கிழமை எழுதவும் இல்லை, சாவி கொடுக்கவும் இல்லை. சனிக்கிழமை மதியம் கதவை யாரோ தடதடவென்று தட்டினார்கள்.

“ஆன்ட்டி! கதவைத் திறங்க ஆன்ட்டி!”

சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தேன். மஞ்சு. நைட்டிமேல் துப்பட்டா, தூங்காத கண்.

“பதினொண்ணு அடிக்கலே. பன்னெண்டும் அடிக்கலே. எனக்குத் தூக்கமே வரலே. உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்தே போயிட்டேன்!” நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “அய்யோ தேவரே, கொதிக்குது!”

மாத்திரை கொடுத்தாள். ரவைக் கஞ்சி வைத்தாள். ட்யூட்டிக்குக் கிளம்புகிற வரைக்கும் கூடவே இருந்தாள். போகும்போது என்னைக் கேட்டு அவளே சாவி கொடுத்து, பெண்டுலத்தை லேசாகத் தட்டிவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர். ஜுரம் என்றேன். பொய்.

இப்போது உடம்பு தேவலை. மஞ்சு பழையபடி மாடிப்படியில் சிரிக்கிறாள், ஓடுகிறாள். பாவம், அவள் பிழைப்பு அவளுக்கு.

நேற்று வெள்ளிக்கிழமை. சாவியைக் கையில் எடுத்தேன்… அப்படியே வைத்துவிட்டேன். பத்தியும் ஒரு நாள் லேட். இன்று பதினொரு மணி அடிக்காது.

இரண்டு பேர் காபிக்குப் பால் வாங்கி வைத்திருக்கிறேன்.